மோதலில் கைமாறுவது என்ன? கேரம் பலகையிலிருந்து துகள்கள் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் காரை நோக்கி ஓடிவிடுவார்கள். அவர்களைக் கூட்டிப்போக வந்த பெரியவர்கள்தான் கிளம்ப மாட்டார்கள். மண்டபத்தின் பின்பக்கம் ஒரு கேரம் பலகை கிடக்கிறது. நடுவில் வார்னிஷ் போய் வெளுத்த பழைய பலகை. தேநீர் ஆறுவதற்குள் ஓர் ஆட்டம், ஆறிய பிறகு இன்னோர் ஆட்டம். போன மாதம் அப்படி ஓர் ஆட்டத்தின் நடுவே மாமா ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நீங்க பள்ளிக்கூடத்தில இயற்பியல்தானே சொல்லிக் கொடுக்கிறீங்க? ஜெனீவா பக்கத்தில துகளை ஒளி வேகத்துக்கு ஓட்டி மோத விடறாங்களாம். அந்த வேகத்தில ஒண்ணோட ஒண்ணு இடிச்சா ஊரே தாங்காதே?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நாம் மோதலைப் பற்றிப் பேசும் விதம்தான் அப்படி. வேகம், விசை, ஆற்றல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு "பலமா இடிச்சுது" என்று முடித்துவிடுகிறோம். வீடியோக்களிலும் துகள் மோதல் என்றாலே ஒரு நெருப்புப் பந்து வெடிக்கும். ஆனால் துகள்களை மோதவிட்டு ஆராய்பவர்கள் முதலில் போடும் கணக்கு வேறு: மோதலில் எவ்வளவு உந்தம் கைமாறியது, எந்தத் திசையில்? அந்தக் கணக்கை அந்தப் பலகையிலேயே தொடங்கலாம்.

## பலகையில் ஒரு கணக்கு

ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். திசைவேகம் என்றால் திசையும் சேர்ந்த வேகம். அதனால் உந்தத்துக்கும் திசை உண்டு: வலப்பக்கம் போவதைக் கூட்டல் என்று வைத்துக்கொண்டால், இடப்பக்கம் போவது கழித்தல்.

ஸ்டிரைக்கரின் எடை 15 கிராம், காயின் எடை 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பலகையிலும் ஏறக்குறைய இதுதான். ஸ்டிரைக்கர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போய், நின்றுகொண்டிருக்கும் காயை நேருக்கு நேராக அடிக்கிறது. மோதலுக்கு முன் உந்தம் 15 × 2 = 30. அடித்த பிறகு காய் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்கிறது, ஸ்டிரைக்கர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் அதன் பின்னாலேயே போகிறது. காயின் உந்தம் 5 × 3 = 15; ஸ்டிரைக்கரிடம் மீதி 15 × 1 = 15. கூட்டினால் அதே 30.

மோதலில் ஒன்று இழந்து மற்றது பெறும் இந்த 15-க்குத்தான் உந்தப் பரிமாற்றம் என்று பெயர். மொத்தம் மாறாது, கை மட்டும் மாறும். கல்லாப்பெட்டியிலிருந்து சட்டைப்பைக்குப் போன பணம் மாதிரி. பலகையில் உராய்வு இருக்கிறது, பவுடர் போட்டாலும் கொஞ்சம் இருக்கும். ஆனால் மோதும் அந்த நொடித்துளியில் அதை மறந்துவிடலாம்.

இப்போது இன்னொரு காட்சி. ஒரு காயை ஸ்டிரைக்கர் போலச் சுண்டி, அதே எடையுள்ள இன்னொரு காயை நேராக அடித்தால், அடித்த காய் அங்கேயே நின்றுவிடும். அடிபட்ட காய் அதே வேகத்தோடு கிளம்பும். இருந்த உந்தம் முழுவதும் கைமாறிவிட்டது, ஆற்றலும் முழுவதும் கைமாறிவிட்டது. கோலி ஆடியவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்: குண்டு போய் 'டக்' என்று இன்னொன்றின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சமமான எடைகள் மோதினால் மட்டும் நடக்கும் இந்த முழுப் பரிமாற்றத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணு உலையே இதை நம்பி ஓடுகிறது.

## சுவரில் அடித்த பந்து

குழப்பம் அதிகம் பிறப்பது இங்கேதான். ஒரு டென்னிஸ் பந்தை வீட்டுச் சுவரில் எறியுங்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போன பந்து ஏறக்குறைய அதே வேகத்தில் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தின் உந்தம் +10 பங்காக இருந்தது, இப்போது −10 பங்கு. மாற்றம் 20. அப்படியானால் சுவருக்குப் போனது 20 பங்கு. பந்து கொண்டுவந்ததே 10 பங்குதான்!

அதே எடையில் ஓர் ஈரக் களிமண் உருண்டையை எறிந்தால், அது சுவரில் 'சப்' என்று ஒட்டிக்கொள்ளும். அப்போது சுவருக்குப் போவது 10 பங்குதான். ஒட்டிக்கொண்டதைவிடத் திரும்பி வந்தது சுவரை அதிகமாகத் தள்ளியிருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

ஆற்றலைப் பாருங்கள். பந்து போன வேகத்திலேயே திரும்பிவிட்டது, அதன் ஆற்றல் குறையவில்லை. ஆக, சுவருக்குக் கிடைத்த உந்தம் இரண்டு மடங்கு. கிடைத்த ஆற்றல் கிட்டத்தட்டச் சுழி. உந்தமும் ஆற்றலும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்கள். ஒன்றில் பெரிய வரவு இருக்கும்போது மற்றதில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். "பலமா இடிச்சுது" என்ற சொல் இந்த இரண்டு புத்தகங்களையும் ஒட்டிவிடுகிறது.

இதுவரை மூன்று வகை மோதல் பார்த்துவிட்டோம். கனமானது லேசானதை அடித்தால், கொஞ்சம் கொடுத்துவிட்டு முன்னாலேயே போகும். சமமானதை அடித்தால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நிற்கும். தன்னைவிட மிகக் கனமானதை அடித்தால், உந்தத்தை இரு மடங்காகக் கொடுத்து, ஆற்றலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு திரும்பும்.

## கோபெர்க்கின் தண்ணீர்

கேப் டவுனுக்கு வடக்கே, அட்லாண்டிக் கரையில் கோபெர்க் அணுமின் நிலையம் இருக்கிறது. 1984-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதன் இரண்டு உலைகளிலும் யுரேனியம் எரிபொருளைச் சுற்றி அழுத்தத்தில் சாதாரணத் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் சூட்டை எடுத்துப்போக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதி நம் காய்களின் கதை.

யுரேனிய அணுவின் நடுவிலுள்ள அணுக்கரு பிளக்கும்போது நியூட்ரான்கள் தெறிக்கின்றன. நியூட்ரான் மின்னூட்டம் இல்லாத துகள். எடையில் புரோட்டானுக்கு ஏறக்குறையச் சமம். தெறிக்கும்போது அதன் வேகம் நொடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர். ஆனால் அடுத்த யுரேனியக் கருவை எளிதில் பிளக்க, அது நொடிக்கு 2 கிலோமீட்டர் அளவுக்கு மெதுவாக வேண்டும். யாராவது அதை நிதானப்படுத்த வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பொருளுக்குத் தணிப்பான் என்று பெயர்.

நிதானப்படுத்த நல்ல கனமான, கெட்டியான பொருள் வேண்டும் என்று தோன்றும். ஈயம் வைக்கலாமே? ஈயக் கரு நியூட்ரானைவிட 200 மடங்குக்கு மேல் கனம். நியூட்ரானுக்கு அது சுவர். மோதித் திரும்பும், திசை மாறும். ஆனால் ஒரு மோதலில் சராசரியாக 1 சதவீத ஆற்றல்தான் போகும். அப்படியே போனால் வேண்டிய அளவு மெதுவாவதற்குச் சுமார் 1,900 மோதல்கள் ஆகும்.

தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனின் கரு வெறும் ஒரு புரோட்டான். நியூட்ரானுக்குச் சம எடை, காய்க்குக் காய். நேருக்கு நேர் மோதினால் நியூட்ரான் அப்படியே நின்றுவிடும். சாய்வாகப் பட்டால் குறைவாகப் போகும். சராசரி பார்த்தால் ஒரு மோதலுக்குப் பாதி ஆற்றல் போய்விடுகிறது. 18 மோதல்களே போதும். கார்பனாக இருந்தால் 115 மோதல்கள் வரை ஆகும்.

'கதிர்வீச்சா, ஈயத்தை வை' என்று எல்லாரும் சொல்வதை நியூட்ரான் பொய்யாக்குவது இதனால்தான். எக்ஸ் கதிருக்கு ஈயம் சரி. வேக நியூட்ரானை அடக்கத் தண்ணீர், மெழுகு, கான்கிரீட் போன்ற ஹைட்ரஜன் உள்ள பொருள்கள்தான் தேவை.

## மெழுகிலிருந்து பிடித்த துகள்

நியூட்ரான் என்று ஒன்று இருப்பதையே இந்தக் கணக்கு வழியாகத்தான் கண்டுபிடித்தார்கள். எனக்கு இயற்பியலிலேயே மிகவும் பிடித்த கணக்கு இது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1930-களின் தொடக்கத்தில் ஒரு புதிர் இருந்தது. பொலோனியம் என்ற கதிரியக்கத் தனிமத்திலிருந்து வரும் ஆல்ஃபா துகள்களை, அதாவது ஹீலியம் அணுவின் கருக்களை, பெரிலியம் என்ற உலோகத்தில் விட்டால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வெளியே வந்தது. அதன் வழியில் பாரஃபின் மெழுகை வைத்தால் மெழுகிலிருந்து புரோட்டான்கள் சீறிக் கிளம்பின. பாரிஸில் ஜோலியோ-கியூரி தம்பதி அது ஒளியின் உறவான காமா கதிராக இருக்கும் என்றார்கள். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக்குக்கு அது ஒப்பவில்லை. ஒளியிடம் ஆற்றல் இருந்த அளவுக்கு உந்தம் இருக்காது. மெழுகின் புரோட்டானை அந்த வேகத்தில் தள்ள வேண்டுமென்றால், ஆல்ஃபா துகள் கொண்டுவந்ததைவிடப் பல மடங்கு ஆற்றல் அந்தக் கதிருக்கு வேண்டும். அது எங்கிருந்து வரும்?

அதனால் சாட்விக் அதை எடையுள்ள ஒரு காய் என்று எடுத்துக்கொண்டு, அதன் எடையைக் கேட்டார். அந்தக் காயால் அடிபட்ட ஹைட்ரஜன் கருவின் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 33,000 கிலோமீட்டர். நைட்ரஜன் கருவின் உச்ச வேகம் சுமார் 4,700 கிலோமீட்டர். ஒன்றை மற்றதால் வகுத்தால் 7.02. நேர் மோதலில் இந்த விகிதம், காயின் எடையோடு 14-ஐக் கூட்டி, அதைக் காயின் எடையோடு 1-ஐக் கூட்டியதால் வகுத்தால் வர வேண்டும். நைட்ரஜனின் எடை 14, ஹைட்ரஜனின் எடை 1 என்பதால். காயின் எடை 1 என்று போட்டுப் பாருங்கள்: 15-ஐ 2-ஆல் வகுத்தால் 7.5. நெருங்கிவிட்டது. 1.16 என்று போட்டால் சரியாக 7.02. அளவீட்டில் இருந்த பிழைக்கு இடம் கொடுத்தால், புரோட்டானுக்கு ஏறக்குறையச் சமமான எடை, மின்னூட்டம் இல்லை. 1932-ல் நியூட்ரான் பிடிபட்டது. காயைப் பார்க்காமலே, அடிபட்ட காய்கள் ஓடிய வேகத்தை வைத்து ஸ்டிரைக்கரின் எடையைச் சொன்ன மாதிரி.

## தொடாமலே இடிப்பது

கேரம் உவமை இந்த இடத்தில் தடுக்குகிறது, சொல்லிவிட வேண்டும். மின்னூட்டம் உள்ள துகள்கள் 'டக்' என்று தொட்டுக்கொள்வதில்லை. நெருங்கும்போதே மின்விசை தள்ளத் தொடங்கிவிடும், அல்லது இழுக்கத் தொடங்கிவிடும். துகள் வந்து, வளைந்து, விலகிப் போகிறது. பாதை திரும்பிய அளவில் உந்தம் கைமாறியிருக்கிறது. இப்படிப் பாதை மாறிப் போவதைச் சிதறல் என்கிறார்கள்.

தொடாமல் தள்ளுவது என்றால், எவ்வளவு நேரம் தள்ளுகிறது என்பது முக்கியமாகிறது. கைமாறும் உந்தம் விசையையும் நேரத்தையும் பெருக்கி வருவது. காவடி ஊர்வலத்தில் வழியில் நிற்பவர்கள் காவடி எடுப்பவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்களே, நிதானமாக நடப்பவரின் கால் நன்றாக நனையும். ஓடிப்போகிறவருக்கு நாலு துளிதான் படும். துகளுக்கும் அப்படித்தான். வேகமாகக் கடக்கும் புரோட்டான் வழியிலுள்ள ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் குறைவாகத்தான் உந்தம் கொடுக்கும். வேகம் கூடினால் இடி பலமாகும் என்ற நம் நினைப்புக்கு நேர் எதிர்.

கேப் டவுன் அருகே ஃபோரில் இருக்கும் இதெம்பா ஆய்வகத்தில் 200 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை புரோட்டானை முடுக்கும் சைக்ளோட்ரான் என்ற இயந்திரம் இருக்கிறது. எலக்ட்ரான்வோல்ட் என்பது துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு. 'இதெம்பா' என்றால் நம்பிக்கை. அங்கே பல ஆண்டுகள் புரோட்டான் கொண்டு புற்றுநோய்க்கும் சிகிச்சை தந்தார்கள். அந்த ஆற்றலில் புரோட்டான் தண்ணீரில் 26 சென்டிமீட்டர் அளவுக்குப் போகும். எலக்ட்ரானைவிட அது 1,836 மடங்கு கனம் என்பதால் வழியில் யார் மீது உரசினாலும் திசை பெரிதாக மாறாது. தொடக்கத்தில் வேகம் அதிகம், கொடுப்பது கொஞ்சம். வேகம் குறையக் குறைய ஒவ்வோர் எலக்ட்ரானின் அருகிலும் கூடுதல் நேரம் இருக்கிறது, கூடுதலாகக் கொடுக்கிறது. கடைசிச் சில மில்லிமீட்டரில் மிச்சமிருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அந்தக் கொட்டும் இடத்தைக் கட்டியின் மேல் விழும்படி வைப்பதுதான் சிகிச்சையின் சூட்சுமம்.

1909-ல் கைகரும் மார்ஸ்டனும் செய்த பழைய சோதனையும் இப்போது எளிதாகப் புரியும். ஆல்ஃபா துகள்களை மெல்லிய உலோகத் தகட்டில் விட்டார்கள். சுமார் 8,000-ல் ஒன்று பின்பக்கமாகத் திரும்பி வந்தது. எலக்ட்ரான் ஆல்ஃபாவைவிட 7,300 மடங்கு லேசு. அதன் மீது மோதி ஆல்ஃபாவால் 0.01 பாகை கூடத் திரும்ப முடியாது. திரும்பி வந்தது என்றால் உள்ளே ஒரு சுவர் இருக்கிறது: கனமானது, மிகச் சிறியது, மின்னூட்டம் உள்ளது. 1911-ல் ரதர்ஃபோர்டு அதை அணுக்கரு என்று விளக்கினார்.

சுருக்கமாகச் சொன்னால், எவ்வளவு கைமாறும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: எடைகளின் விகிதம், எவ்வளவு நேராகப் பட்டது, விசை எவ்வளவு நேரம் வேலை செய்தது. வேகம் அந்தக் கணக்குக்குள் ஒரு சரக்கு, அவ்வளவுதான்.

## ஒளி வேகத்தின் வாசலில்

சரி, மாமாவின் ஜெனீவாவுக்கு வருவோம். ஒளியின் வேகத்தை நெருங்கும்போது 'நிறை × திசைவேகம்' என்ற கணக்கு போதாது. வேகம் ஓர் எல்லையில் முட்டி நின்றுவிடும், உந்தம் நிற்காது. ஒளி வேகத்தில் 99 சதவீதத்திலிருந்து 99.9 சதவீதத்துக்குப் போனால் வேகம் ஒரு சதவீதம் கூடக் கூடவில்லை. உந்தம் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஜெனீவா பக்கத்திலுள்ள அந்தத் துகள் ஆய்வகத்தின் பெயர் செர்ன். அதன் பெரிய மோதுவியில் புரோட்டான் ஒளியைவிட நொடிக்கு 3 மீட்டர்தான் பின்தங்கி ஓடுகிறது. டர்பன் கடற்கரையில் காலையில் ஓடுபவர்களின் வேகம் அது. அதனால் 'ஒளி வேகத்தில் மோதுகிறது' என்பதில் சொல்ல அதிகம் இல்லை. எவ்வளவு உந்தத்தோடு என்பதுதான் விஷயம்.

அந்த ஒற்றைப் புரோட்டானின் ஆற்றல் 6.8 டெரா எலக்ட்ரான்வோல்ட். பறக்கும் ஒரு கொசுவின் இயக்க ஆற்றலும் ஏறக்குறைய அவ்வளவுதான். உந்தத்தைப் பார்த்தால் கொசு புரோட்டானைவிடச் சுமார் 60 கோடி மடங்கு பெரிய ஆள். ஊர் தாங்குமா என்ற கேள்விக்கு ஒரு கொசு மேலே மோதினால் தாங்குமா என்று திருப்பிக் கேட்கலாம். மாமாவுக்காக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரு கற்றையில் இருக்கும் கோடானுகோடி புரோட்டான்களையும் சேர்த்தால் 300 மெகாஜூலுக்கு மேல் வரும். அது பாதை தவறிக் குழாயின் உலோகத்தில் பட்டால் ஓட்டை போட்டுவிடும். கற்றையைக் காவல் காப்பதற்கென்றே அங்கே தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

கொசுவின் ஆற்றல் கோடானுகோடி அணுக்களில் பரவிக் கிடக்கிறது. புரோட்டானிடம் அது முழுவதும் ஒரே புள்ளியில். அதற்குத்தான் இவ்வளவு செலவு.

## பெரிய பரிமாற்றம், சின்ன விவரம்

வீட்டில் பழைய பித்தளைப் பாத்திரத்தில் பெயர் பொறித்திருப்பார்கள். உள்ளங்கையால் தடவினால் ஏதோ சொரசொரப்பு என்று மட்டும் தெரியும். நக நுனியால் தடவினால் எழுத்தே தெரியும். துகள் உலகில் நக நுனி என்பது உந்தப் பரிமாற்றம். கைமாறும் உந்தம் பெரிதாக ஆக, நாம் தொட்டுப் பார்க்கும் தூரம் சிறிதாகும். துகள் உலகில் உந்தத்தையும் எலக்ட்ரான்வோல்ட்டை வைத்தே சொல்வார்கள். 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் அளவுக்கு உந்தம் கைமாறினால், புரோட்டானின் ஆரத்தில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு நுணுக்கம் கிடைக்கும்.

1968-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் நீளமான முடுக்கியில் எலக்ட்ரான்களைப் புரோட்டான்கள் மேல் விட்டார்கள். புரோட்டான் மாவு உருண்டை மாதிரி மென்மையாகப் பரவியிருந்தால், எலக்ட்ரான்கள் பெரிய கோணத்தில் சிதறுவது அபூர்வமாக இருக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகச் சிதறின. மாவுக்குள் ஏதோ கடலைப் பருப்பு இருக்கிறது! அந்தப் பருப்புகளைத்தான் இன்று குவார்க்குகள் என்கிறோம். 1990-ல் ஃபிரீட்மன், கெண்டால், டெய்லர் மூவருக்கும் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

## கணக்கில் விழும் துண்டு

ஆட்டம் சூடுபிடித்திருக்கும்போது மின்சாரம் போவது எங்கள் ஊர் அனுபவம். இருட்டில் ஒருவர் ஸ்டிரைக்கரை அடித்துவிட்டார் என்று வையுங்கள். விளக்கு வந்ததும் பார்த்தால், காய்கள் எல்லாம் வலப்பக்கமாகவே ஓடியிருக்கின்றன, இடப்பக்கம் ஒன்றும் இல்லை. அப்போது இடப்பக்கம் ஒரு காய் ஓடிப் பலகையை விட்டே போயிருக்க வேண்டும். தேடாமலே சொல்லிவிடலாம், எந்தப் பக்கம், எவ்வளவு வலுவாக என்று கூட.

செர்னில் தினமும் நடப்பது இதுதான். இரண்டு கற்றைகளும் எதிரெதிரே வருவதால், பக்கவாட்டுத் திசையில் மொத்த உந்தம் தொடக்கத்தில் சுழி. மோதிய பிறகும் சுழியாகவே இருக்க வேண்டும். தெறித்த துகள்கள் எல்லாவற்றின் பக்கவாட்டு உந்தத்தையும் கூட்டிப் பார்க்கிறார்கள். துண்டு விழுந்தால், கருவியில் பதியாமல் ஏதோ தப்பித்திருக்கிறது. 1983-ல் டபிள்யூ போசான் என்ற துகளை அங்கே கண்டுபிடித்ததும் இப்படித்தான்: ஒரு பக்கம் ஓர் எலக்ட்ரான், எதிர்ப் பக்கம் வெறுமை. அந்த வெறுமையில் ஓடியது எதிலும் சிக்காத நியூட்ரினோ.

இன்று அங்கே அட்லஸ் சோதனையில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தார் இருக்கிறார்கள். அலிஸ் சோதனையில் இதெம்பா ஆய்வகத்தாரும் இருக்கிறார்கள். விண்மீன் கூட்டங்களைப் பிடித்துவைத்திருப்பதாகக் கருதப்படும் கரும்பொருள் துகளையும் இதே துண்டு விழும் கணக்கில்தான் தேடுகிறார்கள். நியூட்ரினோக்களால் விளக்கிவிட முடியாத ஒரு துண்டு விழ வேண்டும், இதுவரை விழவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மாமா ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைத்துவிட்டார். "சமமா இருந்தாத்தானே முழுசாப் போகும்? அப்ப ஸ்டிரைக்கரை எதுக்குப்பா மூணு மடங்கு கனமாச் செஞ்சான்?" என்று கேட்டார். அடித்த பிறகும் அது பின்னாலேயே போய் இன்னொரு காயைத் தள்ளட்டும் என்றுதான் என்றேன். சிவப்பு விழுந்தது, ஸ்டிரைக்கரும் கூடவே விழுந்துவிட்டது.